கத்தி உறையின் தையல் ஓரத்தில் கூடுதலாக ஒரு தோல் பட்டை வைப்பது ஏன்?

வெட்டுவாய் நூலைத் தொடக் கூடாது என்பதற்காகத்தான். மடித்த தோலின் இரு ஓரங்களுக்கு நடுவே அந்தப் பட்டையை ஒட்டிச் சேர்த்துத் தைப்பார்கள். அது இல்லாவிட்டால் கத்தியைச் செருகும்போதெல்லாம் நூல் அறுபடும். ஒருநாள் அலகு உறையைப் பிளந்து தொடையைப் பதம் பார்க்கும். பட்டையின் கனம் அலகின் முதுகுக் கனத்தை ஒட்டி இருக்கட்டும்.

தோல் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். தாவரப் பட்டைச் சாற்றில் பதனிட்ட, சுமார் 3 மில்லிமீட்டர் கனமுள்ள தோல் நல்லது. அதை நனைத்து, பிளாஸ்டிக் தாள் சுற்றிய கத்தியின்மேல் அழுத்திக் காயவிட்டால் அந்த வடிவத்திலேயே இறுகிவிடும். குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோல் துவண்டுபோகும், கைப்பைக்குத்தான் சரி.

மெழுகு தடவிய ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் எதிரெதிராக இழுத்துத் தையுங்கள். ஓரிடத்தில் அறுந்தாலும் மொத்தமும் பிரியாது. கத்தியை மாதக்கணக்கில் உறைக்குள்ளேயே விடாதீர்கள்; தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், எஃகு துருப்பிடிக்கும்.