தோட்டத்து விலாசம்

கேள்வி: நகரங்களுக்குக் குடிபெயர்ந்த சிறுபான்மையினர் ஓரிடத்தில் கூடி வாழ்வது அவர்களது விருப்பம்தானே? கனடாவின் ஸ்காபரோவில் நம்மவர்கள் அப்படி வாழ்ந்து முன்னேறவில்லையா? கொழும்பில் தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளின் வறுமைக்கு மட்டும் இடத்தைக் குறை சொல்வது ஏன்?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: ஸ்காபரோவைத் தாங்களே எடுத்துக்காட்டியது நல்லதாயிற்று. அங்கே போய் இறங்கியவர்களில் பலர், கையில் நாலு காசு சேர்ந்ததும் மார்க்கம், ஏஜாக்ஸ் ஆகிய அயல் நகரங்களில் வீடு வாங்கிக்கொண்டு போனார்கள். ஓர் இடத்துக்கு வந்தவர் அங்கிருந்து வெளியேற முடிகிறதா என்பதை வைத்தே, அவர் சேர்ந்து வாழ்கிறாரா, ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறாரா என்று தீர்மானிக்க வேண்டும்.

சிகாகோவுக்குத் தெற்கு மாநிலங்களிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பின மக்களுக்கு வீடு விற்கக் கூடாது என்று வீட்டு உறுதிப் பத்திரங்களிலேயே எழுதி வைத்தார்கள். 1934இல் அமைக்கப்பட்ட அமெரிக்கக் கூட்டாட்சி வீடமைப்பு நிர்வாகம், அவர்கள் வாழ்ந்த பகுதிகளின் வீட்டுக் கடன்களுக்கு உத்தரவாதம் தர மறுத்தது. இதன் விளைவை அமெரிக்கச் சமூகவியலாளர்களான டக்ளஸ் மாசியும் நான்சி டென்டனும் 1993இல் விளக்கினார்கள். எளிமையாகச் சொல்வதானால், வேலை இழந்தவர்கள் நகரெங்கும் பரந்து வாழ்ந்தால் தெருவுக்கு இரண்டொரு வீடு தள்ளாடும், அயல் வீடுகள் தாங்கிக்கொள்ளும். அத்தனை பேரும் சில தெருக்களுக்குள் அடைபட்டிருந்தால் அங்குள்ள கடையும் மூடப்படும், கடன் கொடுத்தவரும் கடனாளியாவார், வேலைக்குச் சொல்லிவிட ஆள் இருக்காது. அமெரிக்காவின் 5 நகரங்களில் 1994 முதல் ஏழைக் குடும்பங்கள் சிலவற்றைச் சீட்டுக் குலுக்கித் தெரிவுசெய்து, வறுமை குறைந்த பகுதிகளுக்குச் செல்ல உதவினார்கள். 13 வயதுக்கு முன் அவ்வாறு இடம் மாறிய பிள்ளைகள் வளர்ந்து சம்பாதித்தபோது, அவர்களது வருமானம் சீட்டில் தெரிவாகாத குடும்பங்களின் பிள்ளைகளுடையதைவிட ஏறத்தாழ 31 வீதம் கூடியிருந்தது. இடத்தைக் குறை சொல்வது ஏன் என்ற தங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

நமது தோட்டங்களில் வாழ்வோருள், துப்புரவுப் பணிக்கும் துறைமுக வேலைக்கும் இந்தியாவிலிருந்து வந்தவர்களின் சந்ததியினரும் இருக்கிறார்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. அந்தப் பறிப்பின் சுமை இன்னும் இறங்கவில்லை. பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்கும்போது வாக்காளர் இடாப்புப் பதிவுக்கும் வீட்டு உறுதிக்கும் புள்ளி போடுகிறார்கள். பாடசாலை மதிலுக்கு அருகிலேயே மூன்று தலைமுறை வாழ்ந்தாலும், கையில் உறுதி இல்லாத குடும்பம் அங்கே பின்னுக்குப் போகிறது.

கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்துக்கு அண்மையில் போயிருந்தேன். எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டிய ஒழுங்கை. குழாயடியில் வாளிகள் வரிசை பிடித்திருந்தன. உயர்தரத்தில் சித்தியடைந்த ஒரு பெண் பிள்ளை, வாசற்படியில் அமர்ந்து வேலை விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார். விலாசத்துக்கான இடத்தில் தெஹிவளையிலுள்ள மாமியின் வீட்டு இலக்கத்தை எழுதினார். காரணம் கேட்டேன். "தோட்டத்து விலாசத்தப் போட்டா கூப்பிட மாட்டாங்க, சேர்" என்றார். உள்ளே நின்ற தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நகர அபிவிருத்தி அதிகார சபை கட்டிய தொடர்மாடிகளும் இதைத் தீர்க்கவில்லை. தோட்டங்களிலிருந்து எழுப்பப்பட்ட ஏழைக் குடும்பங்களையே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, அதற்குப் புனரமைப்பு என்று பெயரிடுவதை என்னால் ஏற்க முடியாது.

தாங்கள் வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறீர்கள் என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் "எவடம்?" என்று விசாரித்து, தோட்டம் என்று தெரிந்ததும் "வீடு குடுத்தாச்சு" என்று சொல்லி அனுப்புகிறவர்கள் தமிழர்களும்தான். ஒரு வருட முற்பணத்தைக் கையோடு கொண்டுபோன ஒருவரை அப்படித் திருப்பி அனுப்பிய வீட்டுக்காரர் எனக்கு நன்கு தெரிந்தவர். இரண்டு மாதங்கள் கழித்தும் அந்த வீடு பூட்டியே கிடந்தது.