ரயிலில் ஏழெட்டுப் பக்கம்

வணக்கம் ஐயா,

ஆடிட்டர் ஆபீஸில் வேலை. தாம்பரத்தில் ஏறுவதால் காலையில் உட்கார இடம் கிடைத்துவிடும். ‘பொன்னியின் செல்வ’னை அந்த ரயிலில்தான் படிக்கிறேன், நாளைக்கு ஏழெட்டுப் பக்கம். ஐந்து மாதமாகியும் மூன்றாம் பாகத்தைத் தாண்டவில்லை. என் அக்கா ஐந்து பாகத்தையும் பத்தே நாளில் முடித்தவள். இப்படித் துண்டு துண்டாகப் படிப்பது படிப்பில் சேர்த்தியா? யாருக்கு யார் என்ன உறவு என்பதே மறந்துபோகிறது.

எஸ்., தாம்பரம்

அன்புள்ள எஸ்.,

1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை, வாராவாரம் கல்கி பத்திரிகையில் வந்த கதை அது. மொத்தம் 293 அத்தியாயங்கள். அன்றைய வாசகர்கள் மூன்றரை வருடம் படித்தார்கள். உங்களுடைய ஐந்து மாதமே அவசரம்தான்!

நானும் உங்கள் அக்கா மாதிரிதான். பள்ளி விடுமுறையில் ஒரே மூச்சில் முடித்தேன். தேவாரப் பாட்டு வந்தால் தாண்டிவிடுவேன். மனதில் நின்றது வந்தியத்தேவனின் குதிரை மட்டும். வேலைக்குப் போன பிறகு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அத்தியாயம் அத்தியாயமாகப் படித்தபோதுதான் ஒன்று புரிந்தது. முன்கதையை ஆசிரியர் கல்கி அடிக்கடி நினைவூட்டுவதும், முடிவில் யாரையாவது இருட்டில் நிற்கவைத்துவிட்டுப் போவதும் ஒரு வாரம் காத்திருப்பவருக்காக. மொத்தமாகப் படித்தால் இதுவே கொஞ்சம் அலுக்கும். உங்களுக்கோ மறுநாள் காலை ரயில்வரை அது கூடவே வரும்.

எல்லாச் சரித்திர நாவலுக்கும் இது சரிவராது. தொடராக வராமல் ஒரே வீச்சில் எழுதப்பட்டவற்றை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிவையுங்கள்.

அப்புறம், உறவுமுறை. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் முதலாம் பராந்தகரை எழுதுங்கள். கீழே மூன்று மகன்கள். மூத்தவர் இராஜாதித்தர், தக்கோலப் போரில் இறந்தவர். அடுத்தவர் கண்டராதித்தர், அவர் மனைவி செம்பியன் மாதேவி, மகன் மதுராந்தகர். மூன்றாமவர் அரிஞ்சயர், அவர் மகன் சுந்தர சோழர். சுந்தர சோழருக்கு ஆதித்த கரிகாலர், குந்தவை, அருள்மொழி. கண்டராதித்தர் கிளையா, அரிஞ்சயர் கிளையா, சிம்மாசனம் யாருக்கு? இந்தச் சண்டை பிடிபட்டால் மற்ற பெயர்கள் தானாக ஒட்டிக்கொள்ளும்.

முடித்ததும் ஒருநாள் காட்டுமன்னார்கோயில் போய்வாருங்கள். கதை தொடங்கும் வீரநாராயண ஏரி, இன்றைய வீராணம், அந்தப் பக்கம்தான். அங்கே உடையார்குடிக் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. என்ன கல்வெட்டு என்று கேட்காதீர்கள். நீங்கள் இன்னும் மூன்றாம் பாகத்தில் அல்லவா இருக்கிறீர்கள்?