எட்டு உயிரணுக்களின் இறுக்கம்

கேள்வி: தொடக்க நிலைக் கருவின் உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதில் கிளைக்கோபுரதங்களுக்கு, அதாவது சர்க்கரைக் கிளைகள் இணைந்த புரதங்களுக்கு, பங்கு உண்டா?

பதில்: உண்டு, எலிக்கருவில் இது தெளிவாக ஆராயப்பட்டுள்ளது. எட்டு உயிரணு நிலையில் திராட்சைக் கொத்தைப் போலத் தனித்தனியே உருண்டு தெரியும் உயிரணுக்கள், சில மணி நேரத்தில் ஒன்றோடொன்று அழுந்தி, எல்லைக்கோடுகள் மங்கிய ஒரே திரளாகின்றன. இதற்கு முதன்மைக் காரணம், உயிரணுப் பரப்பிலுள்ள ஈ-கேடரின் என்னும் கிளைக்கோபுரதம். (பிணைப்பது அதன் சர்க்கரைக் கிளைகள் அல்ல, புரதப் பகுதியே.) அது செயல்படக் கால்சியம் தேவை, வளர்ப்புத் திரவத்தில் கால்சியத்தை நீக்கினால் திரள் மறுபடி தனித்தனி உருண்டைகளாகத் தளர்ந்துவிடும். இதைவிட வியப்பானது, ஈ-கேடரின் மரபணுவை இரு பெற்றோரிடமிருந்தும் பழுதாகப் பெற்ற கருவும் முதலில் இறுகவே செய்கிறது என்பது. தாய் முட்டையில் சேர்த்துவைத்த புரதம் அதுவரை கைகொடுக்கிறது. அது தீர்ந்தபின், கருப்பையில் பதிவதற்கான வெளி அடுக்கு ஒழுங்காக அமையாமல் கரு அழிந்துவிடுகிறது.