முதல் படி

கேள்வி: சாதித் தடை, ஊனத் தடை என்று எவ்வளவோ பேசுகிறோம். மனத்தடை நீங்கினால் மற்றவை தாமே நீங்கிவிடும் என்கிறார் எங்கள் தலைமை ஆசிரியர். முதல் படியாக என்ன செய்யலாம்? (வாசகர் ஒருவர், திண்டுக்கல்)

பதில்: அந்த முதல் படியைத்தான் முதலில் இடிக்க வேண்டும்.

வழக்குத் தொடுப்பதைக் 'கோர்ட் படி ஏறுவது' என்கிறோம். கோபித்துக்கொண்டவர் 'இனி உன் வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்' என்கிறார். சோறு போடுகிறவர் நமக்குப் 'படியளக்கிறார்'. பிள்ளையைப் 'படி, படி' என்று விரட்டுகிறோம். நீதி, உறவு, சோறு, கல்வி நான்குக்கும் நம் மொழி ஒரு படியை வைத்திருக்கிறது. சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு நான்குமே வாசலோடு நின்றுபோகின்றன.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. விதிகள் வெளியான நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் பொதுக் கட்டடங்களை எல்லோரும் புழங்கும்படி மாற்றியாக வேண்டும் என்றது. விதிகள் 2017 ஜூனில் வந்தன; 2022 ஜூனில் கெடு முடிந்தது. இன்றும் சாய்தளம் என்ற பெயரில் என்ன கட்டுகிறார்கள் பாருங்கள். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். மூன்றடியில் முடித்துவிடுகிறார்கள். அந்தச் செங்குத்தில் மோட்டார் சைக்கிள் ஏறும், சக்கர நாற்காலி ஏறாது. 'தூக்கிவிடத்தான் ஆள் இருக்கிறார்களே' என்றார் என்னிடம் ஓர் அதிகாரி. தினமும் காலையில் இரண்டு பேர் தன்னைத் தூக்கிக்கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்தால் அவர் பொறுப்பாரா? இதைப் பல ஆண்டுகளாக எழுதி வருகிறேன். இனியும் எழுதுவேன்.

மனம் மாறட்டும், காத்திருங்கள் என்பவர்களோடு எனக்குப் பழைய சண்டை உண்டு. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்கள் வழியை மறித்து 1989இல் எழுப்பிய சுவரின் ஒரு பகுதியை 2008 மே மாதம் இடித்தபோது, அங்கே எல்லோர் மனமும் மாறிவிட்டிருந்ததா? இடிப்பதை எதிர்த்தவர்கள் ஊரைவிட்டே வெளியேறினார்கள். ஆனாலும் வழி திறந்தது. மேட்டுப்பாளையம் நடூரில் சுவரை யாரும் முந்திக்கொண்டு இடிக்கவில்லை. 2019 டிசம்பர் 2 விடியற்காலை, மழையில் ஊறிய அந்த 20 அடி மதில் வீடுகள்மேல் சரிந்து 17 பேரைக் கொன்றது. அது சாதிச் சுவர் என்றே அங்குள்ள மக்கள் சொன்னார்கள்.

உங்கள் பள்ளி வாசலில் எத்தனை படிகள், ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம் என்று தலைமை ஆசிரியரையே அளந்து எழுதச் சொல்லுங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.