எட்டு மாதம் நின்ற பழைய ஸ்ப்ளெண்டர் திக்கித் திக்கி ஓடுகிறது, கார்ப்பரேட்டரை மாற்றுவதா, இன்ஜினை இறக்குவதா?

2003 மாடல் ஸ்ப்ளெண்டர் பைக். ஊரில் எட்டு மாதம் சும்மா நின்றுவிட்டு இப்போது பெங்களூருக்கு வந்திருக்கிறது. சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகிறது, சோக்கை எடுத்தால் நின்றுவிடுகிறது, சிக்னலில் அணைகிறது, மேம்பாலம் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரைப் பாதி முறுக்கினால் திக்குகிறது. ஒரு மெக்கானிக் கார்ப்பரேட்டரை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் இன்ஜினை இறக்கச் சொல்கிறார். உங்கள் கேள்வி இதுதான். என் பதில்: இன்றைக்கு இரண்டு பேருக்கும் பணம் கொடுக்காதீர்கள். கார்ப்பரேட்டர் தேய்ந்துபோனதற்கோ பிஸ்டன் போய்விட்டதற்கோ நீங்கள் எழுதியதில் ஓர் அறிகுறிகூட இல்லை.

மெக்கானிக்குகளைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நல்ல கைகள் சிவாஜிநகரிலும் அல்சூரிலும் இன்னும் இருக்கின்றன. ஆனால் 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்த பிறகு புது வண்டிகள் பெரும்பாலும் கார்ப்பரேட்டரை விட்டு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்குப் போய்விட்டன. அதற்குப் பிறகு தொழிலுக்கு வந்த பையன்களுக்குக் கார்ப்பரேட்டரைப் பிரித்துப் பழக வாய்ப்பு குறைவு. மாற்றச் சொல்வதுதான் அவர்களுக்குச் சுலபம்.

சோக் என்ன செய்கிறது என்று பாருங்கள். காற்றை அடைத்து, பெட்ரோல் விகிதத்தைக் கூட்டுகிறது. சோக் இருந்தால்தான் ஓடுகிறது என்றால் சாதாரண நிலையில் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கோ திருட்டுக் காற்று நுழைகிறது. தேடல் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் டேங்க். கார்ப்பரேட்டரில் சொருகியிருக்கும் பெட்ரோல் பைப்பை உருவி, ஒரு பாட்டிலில் விட்டு, டேப்பைத் திறங்கள். ஒரே சீராகக் கொட்ட வேண்டும். ஆரம்பத்தில் கொட்டி, பிறகு நூலாகிவிட்டால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உடனே வேகம் கூடினால் மூடியில் உள்ள காற்று ஓட்டை அடைத்திருக்கிறது. மேம்பாலத்தில் திக்குவதற்கு இது ஒன்றே போதும். மூடியைத் திறந்தும் நூலாகவே வந்தால் டேப்பின் வலை துருவால் அடைபட்டிருக்கும். பைப் விறைத்தோ உப்பியோ இருந்தால் புதிது போடுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பருக்கு அது ஆகாது.

அடுத்து, கார்ப்பரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். அடியில் முத்து முத்தாகத் தனியே உருண்டால் அது தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். எட்டு மாதம் நின்ற டேங்கில் இதை எதிர்பார்க்கத்தான் வேண்டும். பழைய பெட்ரோலை முழுதும் கொட்டிவிட்டுப் புதிதாக 2 லிட்டர் ஊற்றி, அதற்குப் பிறகு மற்றதைப் பாருங்கள்.

இனி பைலட் ஜெட். ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் நுண்துளை உள்ள சின்னப் பாகம். கார்ப்பரேட்டரில் எந்தப் பாகம் எப்போது வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஐட்லிங்கிலிருந்து, அதாவது முறுக்காமலே ஓடும் நிலையிலிருந்து, எட்டில் ஒரு பங்கு முறுக்கும் வரை பைலட் ஜெட்டும், கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவும். கால் பங்கிலிருந்து முக்கால் வரை நீடில் என்ற ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட். சிக்னலில் அணைவதற்கு மெயின் ஜெட்டை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் எந்தப் பயனும் இல்லை. பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, மிஞ்சிய பிசின் முதலில் அடைப்பது இதைத்தான். கிண்ணத்தைக் கழற்றி ஊதிவிட்டு ‘கார்ப்பரேட்டர் கிளீன் பண்ணியாச்சு’ என்றால் நம்பாதீர்கள். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் முழு வட்டமாக ஒளி தெரிய வேண்டும். கார்ப்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை அடித்து ஊறவிட்டு, காற்றடித்து எடுங்கள். ஊக்கு, கம்பி எதையும் உள்ளே விடக் கூடாது. துளை ஒரு கீறல் பெரிதானாலும் அந்த ஜெட் வீண். சில கார்ப்பரேட்டர்களில் இதை அழுத்திப் பொருத்தியிருப்பார்கள், கழற்ற வராது. அதில் ஸ்ப்ரேயும் காற்றும்தான்.

ஏர் ஸ்க்ரூவைக் கழற்றுமுன், மெதுவாக உட்காரும் வரை உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எழுதி வையுங்கள். திரும்பப் போட்டதும் ஒன்றரைச் சுற்றில் தொடங்கி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, கால் சுற்று கால் சுற்றாகத் திருகி ஐட்லிங் எங்கே அதிகமாகிறதோ அங்கே நிறுத்துங்கள். பிறகு ஐட்லிங் ஸ்க்ரூவில் 1400 ஆர்பிஎம் பக்கம் இறக்குங்கள். குளிர்ந்த இன்ஜினில் செய்த டியூனிங் வீண் வேலை. பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்று இலேசு, அதனால் கலவையில் பெட்ரோல் கொஞ்சம் ஓங்கும். எத்தனால் கலப்போ எதிர்ப்பக்கம் இழுக்கும். ஆகவே ஊரில் வைத்த அளவு இங்கே சரிவரும் என்று இருந்துவிடாதீர்கள்.

திருட்டுக் காற்றுக்கு: இன்ஜின் ஓடும்போது கார்ப்பரேட்டரும் சிலிண்டர் ஹெட்டும் சேரும் இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறினால் அங்கே ரப்பர் ரிங்கோ பேக்கிங்கோ போயிருக்கிறது. இதற்கு கிளீனர் ஸ்ப்ரேயை அடிக்கச் சொல்வார்கள், சூடான இன்ஜினில் தீப்பிடிக்கும், வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் பாதி முறுக்கில் திக்கினால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். காப்பித்தூள் நிறம் நல்லது. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, காய்ந்த கரியென்றால் பெட்ரோல் அதிகம் அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு, எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஆயில் மேலேறுகிறது. பிளக் முனைகளின் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. பிளக் கேப்பைத் திருகிக் கழற்றி, ஒயர் நுனியில் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டுத் திரும்பத் திருகுங்கள். பச்சை பூத்த அந்த நுனிதான் பல ‘மிஸ்ஸிங்’ வண்டிகளின் நோய். சில்க் போர்டு நெரிசலில் அரை மணி நேரம் நின்ற பிறகு அணைந்து, ஆறியதும் ஸ்டார்ட் ஆனால் அது வேறு கதை. பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் (coil) சூட்டில் படுத்துவிடுகிறது. நின்ற அந்த இடத்திலேயே ஸ்பார்க் பார்த்தால்தான் பிடிபடும்.

டேப்பட்டையும், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் பாருங்கள். ‘டக் டக்’ சத்தம் பிடிக்கவில்லை என்று இறுக்கி வைத்துவிடுகிறார்கள். இறுகிய டேப்பட் சத்தமில்லாமல் கெடுக்கும். சூடானதும் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் போகும், வால்வு கருகும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, மேக்னட்டில் உள்ள டி குறி நேராக வந்து இரண்டு ராக்கரும் தளர்ந்திருக்கும் நிலையில், ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டை வைத்து, உங்கள் மாடலின் கையேட்டில் உள்ள அளவுக்கு வையுங்கள். கை உணர்வில் வைக்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த ஊர் அடுக்குமாடிகளில் பழைய வண்டி என்றாலே பேஸ்மென்டிலிருந்து வெளியே தள்ளி, கூரையில்லாத மூலையில் நிறுத்தச் சொல்கிறார்கள். காருக்கு இரண்டு இடம், அப்பா ஓட்டிய வண்டிக்கு மழை. டேங்க் மூடி வழியாகத் தண்ணீர் இறங்குவது இப்படித்தான். மெயின்டனன்ஸ் பணம் கட்டுகிறீர்கள் அல்லவா, நிழலில் ஓர் இடம் வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

கடைசியாக, இன்ஜினை இறக்கச் சொன்னவருக்கு. பிளக் துளையில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, பிளக்கைப் போட்டு, இக்னிஷனை ஆஃப் செய்துவிட்டுக் கிக்கரை மிதியுங்கள். ஆயில் விடுமுன் இருந்ததைவிட நன்றாகக் கனத்தால் பிஸ்டன் ரிங் தேய்மானம். கனமே மாறாமல் இலேசாகவே இருந்தால் வால்வு பக்கம். முதலிலிருந்தே கனமாக இருந்தால் இன்ஜினில் கை வைக்கத் தேவையே இல்லை. காலை முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப்புகை வந்தால் வால்வு சீல், அதற்குப் போர் (bore) வேலை, அதாவது சிலிண்டரின் உட்சுவரைக் கடையும் வேலை, வேண்டாம். முறுக்கும்போதெல்லாம் நீலப்புகை என்றால்தான் ரிங்கும் போரும். அப்போதும் சிலிண்டரைக் கழற்றி, சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜ் வைத்து மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து காட்டச் சொல்லுங்கள். தேய்மானம் வரம்புக்குள் இருந்தால் ரிங் செட் மட்டும் ஜே.சி. ரோட்டில் கம்பெனி பெட்டியோடு வாங்கிக் கொடுங்கள். அளக்காமலே போர் போட வேண்டும் என்கிறவரிடமிருந்து வண்டியைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.