ஐந்து ரவுண்டு முடிந்தும் வேலை உறுதியாகவில்லையா?

அண்ணாச்சி, உங்கள் கடிதம் கிடைத்தது. திருவனந்தபுரத்து ஐடி வளாகமான டெக்னோபார்க்கில் ஒரு கம்பெனியில் மகளுக்கு ஏப்ரலில் தொடங்கிய இன்டர்வியூ ஜூன் வந்தும் முடியவில்லை, ஐந்து ரவுண்டுக்குப் பிறகு இப்போது நேரில் வரச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மலையாளம் சரளமாக வராததால் இழுத்தடிக்கிறார்களா, இல்லை, இது மோசடியா என்பது உங்கள் கேள்வி. இதற்கிடையே வேலை தருவதாகச் சொன்ன திருநெல்வேலி கம்பெனி ஒன்று வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறது, என்ன செய்யலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மலையாளம் காரணமாக இருக்காது. சாஃப்ட்வேர் இன்டர்வியூ அங்கே பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். தவிர, கேரள எல்லையில் புளியரையில் வளர்ந்த பிள்ளைக்குக் கேட்டால் புரியாதா என்ன!

மோசடியா என்று பார்க்க ஒரே கேள்வி போதும்: பணம் கேட்டார்களா? பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அன்றோடு விட்டுவிடுங்கள். கேட்கவில்லை என்றால், டெக்னோபார்க் இணையதளத்தில் உள்ள கம்பெனிப் பட்டியலில் பெயர் இருக்கிறதா, மெயில் அந்தக் கம்பெனி முகவரியிலிருந்துதான் வருகிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இத்தனை ரவுண்டு தேவையா என்றால், என் கணக்கில் தேவையில்லை. கூகுளே தன் பழைய இன்டர்வியூ மதிப்பெண்களை அலசிப் பார்த்து, நான்கு பேர் பேசினாலே 86 சதவீத உறுதியோடு முடிவெடுக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொருவரும் கூட்டுவது சுமார் ஒரு சதவீதம்தான் என்று சொல்லியிருக்கிறது. ஆனாலும் தவறான ஆளை எடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் பல கம்பெனிகள் ரவுண்டைக் கூட்டிக்கொண்டே போகின்றன. நடுவில் மேனேஜர் லீவில் போவார், பட்ஜெட் ஒப்புதல் தாமதமாகும். இதெல்லாம் வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. அதனால் நாள் இழுப்பதை வைத்து நல்லதென்றோ கெட்டதென்றோ எதுவும் சொல்ல முடியாது.

மூன்றாவது ரவுண்டில் சொதப்பிவிட்டதாக மகள் அழுதது பற்றிச் சொன்னீர்களே, அதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். டாக்ஸி புக்கிங் புரோகிராம் ஒன்றை மூன்று மணி நேரத்தில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எதிரே இருந்தவர் ஒன்றும் பேசாமல் கீபோர்டில் தட்டிக்கொண்டே இருந்தாராம். அவர் குறிப்பு எடுத்திருப்பார், அவ்வளவுதான். அந்த மௌனத்தைத் தோல்வி என்று நினைத்துப் பதறித்தான் பல பிள்ளைகள் பாதியில் எழுதியதை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். இனி இப்படிச் செய்யச் சொல்லுங்கள்: முதல் இருபது நிமிடம் புரோகிராம் எழுதவே வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு பேர் கூப்பிட்டால் யாருக்கு வண்டி, வண்டியே இல்லாவிட்டால் என்ன பதில் என்று கேட்டு, பேப்பரில் குறித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் ஒரு வண்டி, ஒரு பயணி என்று ஓடுகிற அளவுக்கு எழுதி, ஓட்டிக் காட்டிவிட்டு, அதன் மேல் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். யோசிப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முழுக்க முடிக்காமலே தேர்வானவர்களும் உண்டு. உங்கள் மகளை அடுத்த ரவுண்டுக்குக் கூப்பிட்டார்களே!

நேரில் போவதற்கு முன் ஆள் எடுக்கும் ஹெச்ஆர் பிரிவுக்கு மெயில் எழுதி இரண்டு விஷயம் கேட்கட்டும்: இதுதான் கடைசி ரவுண்டா, முடிவு எப்போது தெரியும்? இதைக் கேட்டால் கோபிப்பார்களோ என்ற தயக்கம் வேண்டாம். தென்மலை, குளத்துப்புழை வழியாகப் போகும் பஸ்ஸில் அன்று காலையே கிளம்ப வேண்டாம். மலைப்பாதையில் ஒரு லாரி நின்றாலே போச்சு. முதல் நாளே போய்த் தங்கட்டும். டெக்னோபார்க் இருப்பது கழக்கூட்டத்தில். ரயிலில் போனால் கொல்லம் வழியாக அங்கேயே இறங்கலாம்.

வீட்டில் தினமும் 'மெயில் வந்ததா?' என்று கேட்பதை மட்டும் நிறுத்துங்கள் அண்ணாச்சி.

கடைசியாக, வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கும் அந்தத் திருநெல்வேலி கம்பெனி. கையில் ஆஃபர் லெட்டர் வாங்கியவர்களையே மாதக்கணக்கில் காக்க வைத்த கதையெல்லாம் 2022க்குப் பிறகு நிறையப் பார்த்தாயிற்று. வராத கடிதத்துக்காக வந்ததைத் தள்ள வேண்டாம். இன்றைக்கே டெக்னோபார்க் ஹெச்ஆரிடம் வேறு ஆஃபர் இருப்பதைச் சொல்லி, வியாழனுக்குள் பதில் கேட்கட்டும். வரவில்லை என்றால் திருநெல்வேலிக்குச் சம்மதம் சொல்லிவிடலாம். அதற்கு முன் பாண்டு, அதாவது வேலையை விட மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம், எத்தனை வருடம், ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா என்ற இரண்டையும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.