நத்தை மருந்து பாட்டிலைக் கீழே வையுங்கள்

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இரண்டடி தொட்டி, கப்பியும் மோலியுமாக இருபது மீன். மூன்று மாதத்துக்கு முன்னால் ஓசூரில் செடி வாங்கி வந்து வைத்தாராம், இப்போது கண்ணாடி பூராவும் நத்தை. கடைக்காரர் ஒரு மருந்தை நீட்டி, "ஒரு மூடி ஊத்துங்க, காலையில எல்லாம் காலி" என்கிறார். ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள் தம்பி. இந்த மாதிரி மருந்துகளில் பெரும்பாலும் வேலை செய்வது செம்பு, அதாவது நம் தோட்டக்காரர்கள் சுண்ணாம்போடு கலந்து அடிக்கிற மயில்துத்தம் வகையறா. நம் பக்கத்து போர் தண்ணீர் கடினநீர், கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, அதில் செம்பின் வேகம் குறையும். சாகவில்லையே என்று இன்னும் இரண்டு மூடி ஊற்றுவீர்கள். அப்புறம் சரளைக்குள் இருக்கிற நூற்றுக்கணக்கான நத்தை ஒரே ராத்திரியில் செத்து அழுகும், அந்த அம்மோனியாவில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். எனக்கே நடந்திருக்கிறது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் நத்தை பாதி உயிரோடு இருந்தது, மீன்தான் இல்லை.

நத்தை பெருகுவது உங்கள் தீனியால். செடியோடு வந்தது நாலைந்துதான் இருக்கும். இவற்றில் பெரும்பாலானவை ஒரே உடலில் ஆணும் பெண்ணுமாக இருப்பதால் ஒன்றே ஒன்று தப்பினாலும் குடும்பம் நடத்திவிடும். ஆனால் தின்ன இருந்தால்தானே? ஒரு நாளைக்கு ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கிற அளவு போதும். இரண்டு விரலில் கிள்ளி எடுப்பதிலும் பாதியைத் தட்டிவிட்டுப் போடுங்கள். வாரத்தில் ஒரு நாள் பட்டினி, ஒன்றும் ஆகாது. வாரம் ஒரு முறை குழாய் போட்டு சரளை அழுக்கை உறிஞ்சி, கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.

இருக்கிற கூட்டத்துக்கு ஒரு வெள்ளரித் துண்டு போதும். ராத்திரி விளக்கை அணைத்தபின் ஒரு ஸ்பூனில் குத்தி அடியில் இறக்குங்கள். விடிந்ததும், விளக்கு போடுமுன்னே, மெதுவாகத் தூக்கினால் அடிப்பக்கம் கடுகு கொட்டின மாதிரி அப்பியிருக்கும். பத்து ராத்திரி செய்யுங்கள். பிடித்ததை வாய்க்காலிலோ கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பக்கமோ கொட்டாமல், நசுக்கி மாங்கன்று அடியில் புதையுங்கள்.

"நத்தை தின்னும் மீன் தரேன்" என்பார்கள், அங்கேதான் ஏமாறாதீர்கள். க்ளௌன் லோச் கடையில் இரண்டங்குலம், வளர்ந்தால் ஓரடிக்குப் போகும், அதுவும் தனியாக இருக்காது, கூட்டம் கேட்கும். உங்கள் தொட்டியே இரண்டடி! பீ பஃபர் என்கிற குட்டி மீன் நத்தையைத் தின்னும்தான், கூடவே கப்பி வாலையும் கடித்துத் துப்பும். ஆர்.ஓ. தண்ணீருக்கு மாற்றினால் ஓடு கரையும் என்று இன்னொருவர் சொல்வார், அதில் முதலில் வாடுவது கடினநீர் விரும்பும் உங்கள் மோலிதான்.

ஒரு வகை நத்தையை மட்டும் விட்டுவைக்கலாம். ஓடு கூம்பாக, ஐஸ்கிரீம் கோன் மாதிரி நீண்டிருந்தால் அது ட்ரம்பெட் நத்தை. முட்டை இடாது, குட்டி போடும். பகலெல்லாம் சரளைக்குள் புதைந்து கிடந்து அதைக் கிளறிவிடும், மிச்சத் தீனியைத் தின்னும், இருட்டினால்தான் வெளியே வரும். அது பட்டப்பகலில் கூட்டமாகக் கண்ணாடியில் ஏறி நிற்கிறதா, அடியில் ஏதோ அழுகுகிறது அல்லது ஆக்சிஜன் போதவில்லை, உடனே தண்ணீர் மாற்றுங்கள். இப்படி ஓசியில் காவல் பார்க்கிற ஜீவனை ஏன் கொல்ல வேண்டும்? என் தொட்டியில் வருஷக்கணக்காக இருக்கிறது. கூட்டம் மிஞ்சினால் அதே வெள்ளரிதான்.

செடி விஷயம். பெங்களூரிலிருந்து கட்டுக்கட்டாக வருவதை நடுவில் ஒருத்தர் பிரித்து, ஒரு அலசு அலசி, "நத்தை இல்லாத செடி" என்று கூடுதல் விலைக்கு விற்கிறார். இலைக்கு அடியில் ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி ஒட்டியிருக்கிற முட்டை அலசினால் போகுமா? யார் கேட்பது? 2017-இல் மத்திய அரசு மீன்தொட்டிக் கடைகளுக்கு விதிகள் கொண்டுவந்தது, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றது. மீன்வளத் துறையில் கேட்டால் கட்லா, ரோகு பற்றிச் சொல்வார்கள். அதனால் அடுத்த முறை செடி வாங்கினால் நாலு வாரம் தனி பக்கெட்டில், வெளிச்சத்தில் போடுங்கள். வாரம் ஒரு முறை தண்ணீரை முழுக்க மாற்றி, ஒவ்வொரு இலையையும் திருப்பி, வழவழப்பாகத் தட்டுப்படுவதை நகத்தால் சுரண்டி எடுங்கள். ஓகேனக்கல் குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள், குளோரின் போகட்டும்.